நூற்று அறுபத்து மூன்று

தவசிலிங்கத்துக்கு வந்த மார்க் நூற்று இருபத்தொன்பது. இருநூறு கேள்வியில் அவ்வளவுதான் சரி. இதை நான் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அவர் வாயிலிருந்து இது வருவதற்கு முழுசாக ஐந்து நாள் ஆயிற்று. உங்களையும் அத்தனை நாள் காக்க வைப்பது நியாயமில்லை.

கோவில்பட்டியில் ஒரு நூலகத்தின் மாடி அறை. காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் பதினைந்து பேர் அங்கே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆங்கில இலக்கணமும் பொது அறிவும்தான் அன்றாடச் சாப்பாடு. 'சின்ஸ்' எங்கே வரும், 'ஃபார்' எங்கே வரும், மேட்டூர் அணை கட்டி முடித்தது எந்த வருஷம், பதினேழாவது சரத்து என்ன சொல்கிறது என்று விடியும்போதே ஆரம்பித்துவிடும். கீழே வாசலில் டீ ஆற்றுகிறவருக்கே ஸ்கர்வி எந்த வைட்டமின் குறைந்தால் வரும் என்று தெரியும். மேலேயிருந்து தினமும் காதில் விழுந்தால் தெரியாமல் என்ன செய்யும்?

தவசிலிங்கத்துக்கு அங்கே இது ஐந்தாவது வருஷம். வயது முப்பத்தாறு. ஒன்பது மணிக்கு மேல் தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருக்குத் தேர்வு விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். ஆங்கில இலக்கணத்தில் அவரை அடித்துக்கொள்ள அந்த அறையில் ஆள் கிடையாது. ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் புரியாதவர்களுக்கும் புரிந்துவிடும். வருஷா வருஷம் அவர் காலை வாரிவிடுவது பொது அறிவு.

அந்த அறையை நடத்துகிறவர் ஜெபராணி டீச்சர். டீச்சர் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவருக்கு வேலை தாலுகா ஆபீஸில், இளநிலை உதவியாளர். தவசிலிங்கத்தைவிட ஏழு வயது இளையவர். இன்னொரு விஷயமும் உண்டு. ஜெபராணிக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்ததே தவசிலிங்கம்தான். படிக்க வந்த இரண்டாம் வருஷம் ஜெபராணி பாஸாகி வேலைக்குப் போய்விட்டார். போனவர் மறுவாரமே திரும்பி வந்து மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். பொது அறிவை அவர் கையில் எடுத்த பிறகுதான் அந்த அறையில் நாலு பேர் உருப்பட்டார்கள். அன்றிலிருந்து தவசிலிங்கம் அவர் முன்னால் உட்கார்ந்து நோட்டு எடுக்கிறார், டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். டீச்சர் இவரை அண்ணாச்சி என்பார். தன்னிடம் படித்தவரிடம் தான் படிப்பதில் தவசிலிங்கத்துக்கு வருத்தம் கிடையாது. கிடையாது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒருவர் இருபது கேள்வி எழுதிக்கொண்டு வருவார். மற்றவர்கள் விடை எழுதிவிட்டுத் தாளைப் பக்கத்து ஆளிடம் மாற்றிவிட வேண்டும். தன் தாளைத் தானே திருத்தக் கூடாது. திருத்தினவர் சிவப்பு மையில் மார்க்கைப் போட்டுக் கையெழுத்தும் போட வேண்டும். இருபது மார்க்குக்கு இத்தனை கெடுபிடி.

ஆனால் நிஜத் தேர்வு எழுதிவிட்டு, ஆன்சர் கீ என்கிற முதல் விடைப்பட்டியல் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் மார்க்கைச் சொல்ல மாடியில் கூடினார்களே, அன்றைக்கு யாரும் தாளை மாற்றவில்லை. கேள்வித்தாளில் அவரவர் குறித்து வைத்திருந்ததைக் கீயோடு ஒப்பிட்டு அவரவர் வீட்டிலேயே எண்ணிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாயால் சொன்னதுதான் மார்க். டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுப் பெயருக்கு நேரே போர்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. இது முதல்நிலைத் தேர்வு. இதில் தேறினவர்கள்தான் அடுத்து முதன்மைத் தேர்வு எழுத முடியும். முடிவு வர மூன்று மாசம் ஆகும். வரட்டும், பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதை கந்தல். அதனால் கீ வந்த உடனே தன் மார்க்கையும் ஊரார் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தேறுவோமா மாட்டோமா என்று அவரவரே ஒரு முடிவுக்கு வருவார்கள். அடுத்ததுக்குப் படிப்பதா, மூட்டை கட்டுவதா என்பது அதைப் பொறுத்தது. அடுத்தவர் சொல்கிற மார்க்தான் இவர்களுக்கு அளவுகோல்.

முன்வரிசையில் முப்புடாதி நூற்று நாற்பத்து நான்கு என்றாள். எல்லாரும் நல்ல மார்க் என்றார்கள். கேள்விகள் அந்த வருஷம் கடுமையாக இருந்தன. அடுத்தவர் நூற்று முப்பத்தெட்டு. கடைசி வருஷக் கல்லூரிப் பெண் ஒருத்தி நூற்று ஐம்பத்தொன்று என்றாள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் உச்சமாக இருந்தது, தவசிலிங்கத்தின் முறை வரும்வரைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் வைத்து அவர் மூன்று தடவை எண்ணிப் பார்த்திருந்தார். மூன்று தடவையும் நூற்று இருபத்தொன்பதுதான் வந்தது. அதைச் சொல்லத்தான் காலையில் கிளம்பினார். நாக்கில் அந்த எண்தான் இருந்தது. பதினான்கு பேர் முகமும், "அண்ணாச்சி கலக்கியிருப்பாங்க" என்கிற சிரிப்போடு, அவர் பக்கம் திரும்பிற்று. டீச்சர் மார்க்கரோடு காத்துக்கொண்டு நின்றார்.

"நூத்தி அறுபத்தி மூணு" என்றார் தவசிலிங்கம்.

கை தட்டினார்கள். ஒருத்தர் கீழே ஓடிப்போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அந்த டீயைத் தவசிலிங்கம் குடித்தார், அதுதான் கொடுமை. சர்க்கரை தூக்கல் என்றுகூடச் சொன்னார்.

பொய்க்குக் கால் முளைக்க ஒரு பகல் போதுமாக இருந்தது. கோவில்பட்டியில் ஒருத்தர் நூற்று அறுபத்து மூன்று என்று அன்றைக்கே தேர்வு எழுதுகிறவர்களின் மாவட்ட வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டுவிட்டார்கள். அப்படியானால் கேள்வி சுலபம்தான் போல என்றார் ஒருவர். நூற்று ஐம்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்கள் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். தவசிலிங்கம் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முப்புடாதி கடைக்கு வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. அவளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருஷனுக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. இவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு இங்கே இருக்கிறாள். இந்த ஒரு தேர்வு, தேறினால் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் எல்லாரும் கோயம்புத்தூருக்குப் போய்விட வேண்டியது என்று வீட்டில் பேச்சு. ஒன்பது மாசமாகக் காலை ஐந்துக்கு உலை வைத்துவிட்டு ஓடி வந்தவள்.

"இதை வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று பையை மேஜைமேல் வைத்தாள். "ஏழு நோட்டு இருக்கு. மெயினுக்குக் கட்டுரை எல்லாம் எழுதி வச்சிருந்தேன். எனக்கு இனிமே எதுக்கு. உங்களுக்காவது ஆவட்டும்."

தவசிலிங்கம் பையைத் தொடவில்லை. அவள் தொடர்ந்து, மகளுடைய ஆதார் அட்டையை இரண்டு காப்பி எடுத்துத் தரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்றாம். அவர் அட்டையை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்துப் பட்டனை அமுக்கினார். மெஷின் இரண்டு தாளைத் தள்ளிற்று. அந்தப் பிள்ளையை ஊரைவிட்டு அனுப்புகிற தாளைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

அவள் போன பிறகு மேலே இருந்த நோட்டைப் பிரித்தார். ஆங்கிலப் பகுதியில் ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள் இருந்தன. 'இது அண்ணாச்சி சொன்னது.' அடுத்த பக்கத்திலும் அதே. நாலு பக்கம் தள்ளி, 'அண்ணாச்சி சொன்ன மாதிரியே தேர்வில் வந்தது.' வாசலில் ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். அவரோ நோட்டை மூடிப் பைக்குள் வைத்து, பையை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

அதற்காக உடனே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைக்காதீர்கள். மனுஷன் அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஜாதி இல்லை. பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு அவளை மட்டும் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தார்.

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனார். நூற்று நாற்பத்து நான்கு தாராளமாகப் போதும், நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள், படி என்றார். தேறுவதற்கான கட் ஆஃப் மார்க் இறங்கும் என்று போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் எல்லாம் ஒப்பித்தார். முப்புடாதி பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"நூத்தி அறுபத்தி மூணு எடுத்தவங்க சொல்லுதது ஈசி அண்ணாச்சி."

அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மாமியார் உள்ளே இருந்தார், மகள் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். இத்தனை பேர் முன்னால் எப்படி என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் மாடிக்குப் போனார். ஜெபராணி டீச்சர் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"முப்புடாதியை எப்படியாவது எழுத வைக்கணும். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கா. என்ன சொன்னாக் கேப்பா?"

டீச்சர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். போர்டைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எழுதின பதினைந்து பெயரும் மார்க்கும் அப்படியே இருந்தன. மேஜைமேல் கிடந்த டஸ்டரை எடுத்து வந்து தவசிலிங்கத்தின் கையில் வைத்தார்.

"இதுல எது பொய்யோ அதை அழிங்க."

"எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"எல்லாம் தெரியாது. ஒண்ணுகூடவா தெரியாது?"

தவசிலிங்கம் நின்றார். கீழே டீக்கடை அடுப்பின் இரைச்சல் கேட்டது. யாராவது படியேறி வந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்றுகூட நினைத்தார். யாரும் வரவில்லை. போர்டுக்குப் பக்கத்தில் போய், தன் வரியைப் பெயரோடு சேர்த்து ஒரே இழுப்பில் அழித்தார்.

டீச்சர் மார்க்கரை எடுத்து, அழிந்த இடத்தில் தவசிலிங்கம் என்று திரும்ப எழுதினார். பக்கத்தில் எண் எதுவும் போடவில்லை.

"பேரு பொய் இல்லையே அண்ணாச்சி" என்றார்.

தவசிலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. தன்னிடம் இலக்கணம் படித்த பெண் முன்னால் இப்படி உட்கார வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. எப்போது தெரியும் என்று கேட்டார்.

"அன்னைக்கே தெரியும். மார்க்கைச் சொன்னதும் எல்லாரும் உங்களைப் பார்த்தாங்க. யாரும் வாங்கிப் பாத்துரக் கூடாதுன்னு நீங்க கேள்வித்தாளை மடிச்சு இடுப்புல சொருகிட்டீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா டீச்சர்."

"கேட்டிருக்கணும். எனக்கு இலக்கணம் சொல்லிக்குடுத்தவரை எல்லார் முன்னாடியும் எப்படிக் கேக்கன்னு விட்டுட்டேன். முப்புடாதி நோட்டைத் தூக்கிக் குடுத்துட்டான்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்கும் சோறு இறங்கலை."

தவசிலிங்கம் அதைக் கேட்டு நிமிர்ந்தார். கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது. அதையும் தப்பான காரியத்துக்கே செலவழித்தார்.

"அப்ப நீங்களே அவகிட்டச் சொல்லிருங்களேன். நீங்க சொன்னா மரியாதையா இருக்கும்."

"யாருக்கு?"

தவசிலிங்கம் டஸ்டரை மேஜைமேல் வைத்தார்.

டீச்சர் திரும்பி, அன்றைய பொது அறிவுக் கேள்விகளை எடுத்து அடுக்கினார். படியில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது அறைக்குள் வருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நாளைக்குப் பள்ளிக்கூட ஆபீஸை ஒன்பதரைக்குத் திறப்பாங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்குத் தவசிலிங்கம் அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றார். கையில் கட்டைப்பை. கடை முதலாளியிடம் வயிற்றுவலி என்று லீவு கேட்டிருந்தார். உண்மை சொல்லப் போகிற வழியில் இன்னொரு பொய், பாருங்கள்.

முப்புடாதி தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டி.சி. கேட்டு எழுதின விண்ணப்பமும் இரண்டு ஆதார் காப்பியும். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு வகுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை இன்னும் வரவில்லை.

இவரைப் பார்த்ததும் எழுந்தாள். என்ன அண்ணாச்சி இங்கே என்றாள். வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றும் அவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

"முப்புடாதி, எனக்கு நூத்தி அறுபத்தி மூணு இல்ல."

"ஃபைனல் கீ வந்துட்டா? விடை எதுவும் மாறிட்டா?" என்று பதறினாள். அவருக்காகத்தான் பதறினாள். நல்ல மனசுக்காரி, ஓடித் தப்பிக்க அவளே ஒரு கதவைத் திறந்துவைத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல. கீ எதுவும் வரலை. அன்னைக்கே அவ்வளவு இல்ல. நான் பொய் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எவ்வளவு?"

"நூத்தி இருபத்தொன்பது."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று தவசிலிங்கத்துக்குப் புரிந்தது. தன்னைவிட அவள் பதினைந்து அதிகம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னென்ன பண்ணினாள் என்று ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஓடிற்று. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"என் பிள்ளை அவ ஜாமெட்ரி பாக்ஸைக் கூட்டாளிக்குக் குடுத்துட்டா அண்ணாச்சி" என்றாள் முப்புடாதி. அவ்வளவுதான் சொன்னாள்.

தவசிலிங்கம் தரையைப் பார்த்தார். அந்தப் பிள்ளை தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்ப அவருக்குத் தெம்பு இல்லை.

பிறகு அவள், இதைக் குரூப்பில் போடச் சொன்னாள். தன்னைப்போல வேறு எத்தனை பேர் படிப்பை ஏறக்கட்டினார்களோ என்றாள். இங்கேயே, இப்போதே போடுங்கள் என்றாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் சொன்னால் அவளோடு முடிந்துவிடும் என்று நினைத்து வந்திருந்தார். போனை எடுத்தார். டைப் அடித்து அவளிடம் காட்டினார்.

'வணக்கம். மறுபடி எண்ணிப் பார்த்ததில் சிறு தவறு ஏற்பட்டிருப்பது தெரியவந்தது.'

யார் செய்தது என்றே சொல்லாமல் நழுவுகிற பேசிவ் வாய்ஸ் வாக்கியம். எழுத அவருக்கா தெரியாது? வருஷக்கணக்காக அதைப் பாடமாக எடுத்தவர்.

முப்புடாதி இரண்டு தடவை படித்தாள்.

"எண்ணினதுல தப்பு இல்லையே அண்ணாச்சி."

அவர் எல்லாவற்றையும் அழித்தார். மறுபடி அடித்தார். 'நான் பொய் சொன்னேன். எனக்கு 129தான். என் மார்க்கைப் பார்த்து யாரும் முடிவு எடுக்காதீர்கள். தவசிலிங்கம்.' அனுப்பினார். ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்ததும் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியையின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. முப்புடாதி விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். கட்டைப்பையை அவரிடமிருந்து வாங்கி, ஏழு நோட்டும் இருக்கிறதா என்று எண்ணினாள். மகளை வகுப்புக்குப் போகச் சொன்னாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கேட்கவா என்றாள் மகள். கேளு என்றாள். பிறகு வீட்டுக்காரருக்குப் போன் போட்டபடியே கேட்டைத் தாண்டிப் போனாள். தவசிலிங்கத்திடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் கடைக்குத்தான் போனார். வயிற்றுவலி சரியாகிவிட்டதா என்று முதலாளி கேட்டார், ஆமாம் என்றார். போன் மேஜைமேல் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. சிரிக்கிற பொம்மை ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். இந்த மாதிரி ஆளை நம்பி வகுப்புக்கு வேறு போனோமே என்று ஒருவர் எழுதியிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தவர் ஒன்றும் எழுதவில்லை, பார்த்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. கல்லூரிப் பெண், இனி நான் நிம்மதியாகப் படிப்பேன் என்று போட்டிருந்தாள். இதைப் படித்தபோதுதான் அவருக்குக் கண் கலங்கிற்று. அத்தனை உயரத்தில் இருந்தவளையும் அல்லவா பயமுறுத்தியிருக்கிறார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஜெபராணி டீச்சர் வெளியே வந்தார். தவசிலிங்கம் சாலையைக் கடந்து அவரிடம் போனார். கையில் ஒரு கட்டுத் தாள். மாடி அறைக்காக அவர் இத்தனை வருஷம் தயாரித்த இலக்கணக் கேள்விகள்.

"இதை வச்சுக்கோங்க டீச்சர். நாளையில இருந்து நான் வரலை."

டீச்சர் தாளை வாங்கவில்லை.

"முப்புடாதி பேசினா" என்றார். "அவ வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாராம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாராம்."

தவசிலிங்கம் கண்ணை மூடித் திறந்தார். நெஞ்சில் ஐந்து நாளாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிற்று. வெட்கம் மட்டும் இறங்கவில்லை. அது தனியாக நின்றது.

"நல்லது டீச்சர். அது போதும்."

"நாளைக்கு ரிப்போர்ட்டட் ஸ்பீச். உங்க முறை."

"வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க."

"முப்புடாதி வருவா. அவளுக்கு அதுல சந்தேகம் இருக்காம்."

"டீச்சர்." அவர் தாள்கட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அங்க போய் நிக்க?"

ஜெபராணி டீச்சர் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பஸ் ஒன்று போய் முடிகிறவரைக்கும் பார்த்தார்.

"இதே மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்க" என்றார். "அங்க உக்காந்திருக்கவங்கள்ல பாதிப் பேருக்கு இதே மூஞ்சிதான் அண்ணாச்சி."